காகிதத்தில் விரிந்த வயல்: இந்தோனேசியாவின் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரிப் படுகை உழவர்களுக்குப் புகையானை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி அது. வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து நிற்கும்போதுதான் பலருக்கு அது வந்திருப்பதே தெரியவரும். 1970களிலும் 1980களிலும் இதே பூச்சி இந்தோனேசியாவின் நெல் உற்பத்தியையே உலுக்கியது. அரசு தடை விதித்தது, மானியத்தை நிறுத்தியது. அவற்றோடு இன்னொன்றும் நடந்தது. இருபத்தைந்து உழவர்கள் வாரம் ஒரு காலை வயலில் கூடினார்கள். பார்த்ததை வரைந்தார்கள், வரைந்ததை வைத்து வாதிட்டார்கள், வாதிட்டு முடிவெடுத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் உழவர் வயல்வெளிப் பள்ளி. இந்தப் பெயர் நம்மூர் வேளாண்மைத் துறையின் திட்டங்களிலும் உண்டு. பெயர் வந்த அளவுக்கு அதன் உள்ளடக்கம் வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர், குப்பை, மண், உடல்நலம் என எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் ‘தனித்தனியாகப் பார்க்காதீர்கள், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறோம். பிறகு மக்களை நாற்காலியில் உட்கார வைத்து அந்தப் பின்னலை விரிவுரையாகச் சொல்லி முடிக்கிறோம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஓர் ஊரில் அமைப்புசார் சிந்தனை எப்படி வேர்விடும், பலர் கூடிப் புதியதொன்றைக் கண்டுபிடிப்பது எப்படி நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவை விட விவரமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அதன் வெற்றியும் பயன்படும், பின்னால் நேர்ந்த தளர்ச்சியும் பயன்படும்.

மருந்து வளர்த்த பூச்சி

1970களில் இந்தோனேசியா உலகின் மிகப் பெரிய அரிசி இறக்குமதி நாடுகளில் ஒன்று. அந்த நிலையை மாற்றுவது அதிபர் சுகார்த்தோ அரசின் முதல் இலக்காக இருந்தது. புதிய ரக விதை, ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாக உழவர்களிடம் போய்ச் சேர்ந்தன. பூச்சிக்கொல்லியின் விலையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அரசே ஏற்றது. பூச்சி இருக்கிறதோ இல்லையோ, நாள்காட்டியைப் பார்த்து அடித்துவிடு என்பதே அறிவுரை. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. மறு ஆண்டு ரோமில் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் மேடையில் சுகார்த்தோ அந்தச் சாதனையைப் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டே ஜாவாவின் வயல்கள் புகையானால் தீய்ந்தன.

அது முதல் தாக்குதல் இல்லை. 1970களின் நடுப்பகுதியிலும் லட்சக்கணக்கான ஹெக்டேர் பாதிக்கப்பட்டிருந்தது. எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்று ஐஆர்26 வந்தது. சில பருவங்களிலேயே அதையும் தாங்கி வளரும் புகையான் பெருகியது. பிறகு ஐஆர்36 வந்து சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: ‘இந்தப் பூச்சியை எதைக் கொண்டு கொல்வது?’ இது ஏன் திடீரென்று இவ்வளவு பெருகியது என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டவர்களில் ஒருவர் பீட்டர் கென்மோர். 1970களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, மருந்து அடிக்காத வயலில் புகையான் அடங்கியே கிடந்ததையும் அடித்த வயலில்தான் வெடித்துக் கிளம்பியதையும் காட்டியது. காரணம் எளிமையானது. புகையான் முட்டையிடுவது நெல்லின் இலையுறைத் திசுவுக்குள். மேலே விழும் மருந்து அங்கே எட்டாது. ஆனால் அதே மருந்து தூரைச் சுற்றித் திரியும் ஓநாய்ச் சிலந்தியையும், புகையானின் முட்டையைத் தேடித் துளைத்து உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகளைத் தின்னக்கூடியது. சிலந்தி இல்லாத வயலில் முட்டைகள் பொரிகின்றன. ஒரு தாய் இடுவது நூற்றுக்கணக்கில். ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் கூட ஆகாது. சிலந்தியோ மெதுவாகப் பெருகும் உயிர். புகையான் ஏறுவதைக் கண்ட உழவர் மறுபடி அடிக்கிறார். மறுபடி சிலந்தி சாகிறது. தீர்வு என்று நினைத்துச் செய்த ஒவ்வொரு காரியமும் பிரச்சினையைப் பெரிதாக்கிய சுழல் இது. அரசு மானியம் கொடுத்து அந்தச் சுழலை வேகமாகச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது.

மேலிருந்து ஆணை, கீழிருந்து பள்ளி

1986 நவம்பரில் சுகார்த்தோ பிறப்பித்த மூன்றாம் எண் ஆணை, 57 பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. மருந்தை மட்டும் நம்பாமல் பூச்சியின் இயற்கை எதிரிகளையும் காத்துப் பயிரைப் பேணும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை நாட்டின் கொள்கையாக அறிவித்தது. மானியமும் படிப்படியாகக் குறைந்து 1989இன் தொடக்கத்தில் முற்றிலும் நின்றது. கட்ஜா மாடா பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் கசும்போகோ உந்துங் போன்றவர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தது இப்போது அரசின் வாக்காயிற்று.

ஆனால் ஆணை உழவரின் கையில் உள்ள தெளிப்பானை இறக்கி வைக்காது. தடை செய்யப்படாத மருந்துகள் கடைகளில் இருந்தன. வயலில் ஒரு புழுவைக் கண்டாலே பதறும் பழக்கமும் இருந்தது. அந்தப் பதற்றத்தைக் கையாள 1989இல் தேசியத் திட்டம் தொடங்கியது. அமெரிக்க உதவி நிதி, உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி, பொறுப்பு மட்டும் வேளாண் அமைச்சகத்திடம் இல்லாமல் தேசியத் திட்டமிடல் அமைப்பான பப்பெனாஸிடம். இந்த நிர்வாக ஏற்பாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மருந்து விநியோகத்தோடு பல ஆண்டுகள் பிணைந்திருந்த துறையிடம் பள்ளியைக் கொடுத்திருந்தால் முதல் பருவத்திலேயே அது உருமாறியிருக்கும்.

முதல் பருவத்தில் யோக்யகர்த்தா பகுதியில் சுமார் 200 பள்ளிகள், சுமார் 5,000 உழவர்கள். அதற்கு முன்பாகப் பயிற்றுநர்கள் தயாரானார்கள். பூச்சிகளைக் கணக்கெடுப்பதே வேலையாக இருந்த அரசுப் பணியாளர்கள் ஓராண்டுக்கும் மேல் நீண்ட பயிற்சிக்கு வந்தார்கள். அந்தப் பயிற்சியின் மையம் வயல். நாற்று விட்டு, நட்டு, களை எடுத்து, அறுவடை வரை ஒரு நெல் பருவத்தை அவர்களே தம் கையால் நடத்த வேண்டும். உழவர் முன்னால் நிற்கப் போகிறவர் முதலில் சேற்றில் இறங்கியவராக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. இன்று இரண்டு நாள் பயிலரங்கில் ‘வழிநடத்துநர்’ சான்றிதழ் கொடுத்து அனுப்பும் திட்டங்கள் இந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும்.

ஒரு காலைப்பொழுதின் அமைப்பு

பள்ளி ஒரு நெல் பருவம் முழுவதும் ஓடும். வாரம் ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு வாரங்கள், காலையில் சில மணி நேரம். இடம் அதே ஊரின் ஒரு வயல். அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒரு பாதியில் ஊர் வழக்கப்படி உரமும் மருந்தும், மறு பாதியில் குழு அந்தந்த வாரம் எடுக்கும் முடிவின்படி. இருபத்தைந்து பேரும் ஐந்தைந்து பேராகப் பிரிந்து காலையிலேயே வயலுக்குள் இறங்குவார்கள். ஆளுக்குச் சில தூர்களாகக் குறுக்கே நடந்து, ஒவ்வொரு தூரிலும் குனிந்து அடிவரை பார்க்க வேண்டும். எத்தனை தூர் கிளைத்திருக்கிறது, உயரம் என்ன, இலையின் நிறம் என்ன, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, களை என்ன, என்னென்ன பூச்சி எந்தப் பகுதியில் இருக்கிறது. பெயர் தெரியாததைச் சிறு நெகிழிப் பையில் பிடித்து வருவார்கள்.

கரைக்கு வந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரிய காகிதமும் வண்ணக் கோல்களும் கிடைக்கும். நடுவில் ஒரு நெல் தூரை வரைய வேண்டும். பயிர் கரும்பச்சையாக இருந்தால் கரும்பச்சைக் கோல். வெளிறியிருந்தால் மஞ்சள் கலக்க வேண்டும். மேலே வெயிலோ மேகமோ. கீழே தண்ணீர் மட்டம். ஒரு பக்கம் பயிரைத் தின்னும் பூச்சிகள், மறு பக்கம் அவற்றைத் தின்னும் பூச்சிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கண்ட எண்ணிக்கை. வரையத் தெரியாது என்று யாரும் ஒதுங்க முடியாது. சிலந்திக்கு எட்டுக் கால் போட வேண்டும் என்றால் மறுபடி பைக்குள் பார்த்து எண்ணியாக வேண்டும். வரைவதற்காகவே பார்வை கூர்மையாகிறது. ஐந்து பேருக்கு ஒரே காகிதம் என்பதால் எதை எங்கே போடுவது என்ற வாக்குவாதம் அங்கேயே தொடங்கிவிடும்: ‘இந்த வண்டு பயிரைத் தின்னுதா, பூச்சியைத் தின்னுதா?’ அந்த வண்டைக் காகிதத்தின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது முடிவாகாமல் படம் முடியாது.

பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து படத்தைக் காட்டிப் பேச வேண்டும். வாரந்தோறும் ஆள் மாறும். கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வாரம் முறை வரும். சென்ற வாரப் படத்தையும் பக்கத்தில் தொங்கவிட்டு, எது ஏறியது எது இறங்கியது என்று பார்ப்பார்கள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: இந்த வாரம் இந்த வயலில் என்ன செய்வது? மருந்து அடிப்பதா, தண்ணீரை வடிப்பதா, உரம் இடுவதா, சும்மா விடுவதா? விடையைக் கூட்டம் சொல்ல வேண்டும். சொன்னபடி அந்தப் பாதி வயலில் செய்ய வேண்டும். அடுத்த வாரம் வந்து அதன் விளைவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு வேளாண் சூழல் பகுப்பாய்வு என்று பெயர். பள்ளியின் உயிர்நாடி இதுதான். அமைப்பு, பின்னூட்டம், சமநிலை போன்ற சொற்கள் எதுவும் உழவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் பத்து வாரப் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டால், இரு பக்கமும் ஒன்றையொன்று துரத்துவது கண்முன் தெரியும். இடப்பக்கம் புகையான் கூடினால் சில வாரத்தில் வலப்பக்கம் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் கூடுகின்றன. மருந்தடித்த பாதியில் வலப்பக்கம் வெறுமையாகிறது. இரண்டு வாரத்தில் இடப்பக்கம் நிரம்புகிறது. கென்மோரின் ஆய்வு சொன்னதை அவர்களே தங்கள் ஊர் வயலில், தங்கள் கையால் கண்டுபிடிக்கிறார்கள்.

‘இது என்ன?’

பயிற்றுநர்களுக்கு இருந்த ஒழுங்குகளில் கடினமானது ஒன்று உண்டு. உழவர் ஒரு பூச்சியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால் பெயரைச் சொல்லக் கூடாது. ‘எங்கே பிடித்தீர்கள்? அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? நிறைய இருந்ததா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். படித்தவருக்கு இது எவ்வளவு சிரமம் என்பது கூட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும். விடை நாக்கு நுனியில் நிற்கும். சொல்லிவிட்டால் மரியாதை கிடைக்கும். ஆனால் பெயரைச் சொன்ன நொடியில் தேடல் நின்றுவிடும். நமக்கும் கேட்டவருக்கும் இடையே ஆசிரியர், மாணவர் என்ற பழைய கோடும் விழுந்துவிடும். அந்தப் பூச்சி என்ன செய்கிறது என்பதுதான் வயலுக்குத் தேவையான செய்தி.

அதைக் கண்டுபிடிக்க வழியும் பள்ளியிலேயே இருந்தது. அவர்கள் அதைப் பூச்சிக் காட்சிசாலை என்றார்கள். ஒரு தொட்டியில் நெல் தூரை நட்டு, மெல்லிய துணியால் மூடி, உள்ளே பத்துப் புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு வைப்பது. மறுநாள் எண்ணிப் பார்ப்பது. இதற்குக் கம்பியும் துணியும் போதும். எந்த ஆய்வகமும் வேண்டாம். பொறிவண்டு, தட்டான், நாவாய்ப்பூச்சி என ஒவ்வொன்றையும் இப்படிச் சோதித்துப் பார்த்தவர்கள், எதைக் கொல்லலாம் எதைக் கொல்லக் கூடாது என்பதை வேறொருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியதில்லை.

இலை வெட்டும் சோதனை இன்னும் துணிச்சலானது. இளம் பயிரில் கால் பங்கு இலையையும், இன்னொரு பாத்தியில் பாதி இலையையும் கத்தரியால் தாங்களே வெட்டிவிட வேண்டும். இலைச்சுருட்டுப்புழு தின்றது போன்ற சேதத்தைக் கையால் உண்டாக்குவது அது. வேறொரு பாத்தியில் சில தூர்களைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். அது தண்டுத்துளைப்பானின் நடுக்குருத்துச் சேதத்துக்கு மாற்று. உழவருக்குத் தன் பயிரைத் தானே வெட்டுவது மனம் ஒப்பாத காரியம். ஆனால் சில வாரங்களில் அந்தப் பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு மற்றதோடு சேர்ந்துகொள்வதைக் காணும்போது, இலையில் ஓர் ஓட்டையைக் கண்டதும் கடைக்கு ஓடும் பதற்றம் தணிகிறது. அதே வெட்டை, கதிர் தண்டுக்குள் உருவாகும் பூட்டைப் பருவத்தில் செய்தால் பயிர் ஈடுகட்டாது. இரண்டையும் பார்த்தவருக்கு எப்போது பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்று அளந்து பார்க்கும் நிதானம் வருகிறது.

பள்ளி முடியும்போது தேர்வும் வயலிலேயே நடந்தது. குச்சிகளில் அட்டை மாட்டி, அட்டையிலிருந்து நூல் இழுத்து உண்மையான இலையோடும் பூச்சியோடும் கட்டியிருப்பார்கள். ‘இது நன்மை செய்வதா, தீமை செய்வதா?’ போன்ற கேள்விக்கு மூன்று பெட்டிகளில் ஒன்றில் தன் எண் எழுதிய சீட்டைப் போட வேண்டும். அதிகம் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வயலில் கண்டதை வைத்து விடை சொல்லலாம். இடையிடையே குழு விளையாட்டுகளும் புதிர்களும் இருந்தன. அவற்றைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை ஐந்து பேரும் பேசும் கூட்டமாக மாற்ற அவை தேவைப்பட்டன.

வயல் வரப்பைத் தாண்டி

பருவத் தொடக்கத்தில் பயிரைத் தின்னும் பூச்சி ஒன்றும் இல்லாத வயலில் சிலந்திகள் மட்டும் எப்படி இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் இந்தோனேசியத் திட்டத்தில் இருந்த வில்லியம் செட்டில். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஜாவாவின் வயல்களிலிருந்து பிறந்தது. மண்ணில் இருக்கும் மட்கிய பொருளையும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வாழும் சிறு பூச்சிகள், கொசுவைப் போன்ற ஈக்கள், நடவுக்குப் பின் சில வாரங்களிலேயே பெருகுகின்றன. அவை நெல்லைத் தொடுவதில்லை. அவற்றைத் தின்றுதான் சிலந்திகளும் மற்ற வேட்டைப் பூச்சிகளும் வயலில் குடியேறிக் காத்திருக்கின்றன. புகையான் வரும்போது அவை தயாராக இருக்கின்றன. தொடக்கத்தில் அடிக்கும் மருந்து இந்த அடித்தளத்தையே உடைக்கிறது. தழை உரம் இடுவதற்கும் புகையானுக்கும் இடையே இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத இணைப்பு இருப்பது தெரிந்தபோது, மண்ணையும் பூச்சியையும் தனித்தனிப் பாடமாக வைத்திருந்த பழக்கம் பொருளிழந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வடக்கு ஜாவாவின் கடலோரச் சமவெளியில் பெரிய பரப்பில் ஒரே நேரத்தில் நட்டு, பிறகு நீண்ட நாள் வயலைக் காயப்போடுவார்கள். அத்தகைய இடங்களில் வேட்டைப் பூச்சிகள் திரும்பி வரத் தாமதமாகிறது. பயிர் அதிக ஆபத்தில் இருக்கிறது. வரப்பு வெட்டிய சின்னச் சின்ன வயல்கள் முன்பின்னாக நடப்படும் இடத்தில் அவை பக்கத்து வயலிலிருந்தே வந்துவிடுகின்றன. வாய்க்கால் எப்போது திறக்கும் என்று அதிகாரி போடும் அட்டவணை, சிலந்தி எப்போது வரும் என்பதையும் தீர்மானிக்கிறது.

அந்தச் சமவெளியில் உள்ள இந்திரமாயு மாவட்டத்தில் பள்ளிகள் பூச்சியைத் தாண்டி வளர்ந்தன. 1989–90 பருவத்தில் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் மேற்கு ஜாவாவின் வடக்குக் கடற்கரையைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. இந்தப் புழு கோடையில் அறுவடைத் தாளுக்குள் உறங்கிக் கிடக்கும். முதல் மழைக்குப் பின் சில வாரம் கழித்து அந்துப்பூச்சியாகக் கூட்டமாக வெளிவரும். தனி ஒருவர் தன் நாற்றங்காலை மட்டும் காத்துப் பயனில்லை. வயல்வெளிப் பள்ளி முடித்த உழவர்கள் அந்துப்பூச்சி வெளிவரும் நாளைக் கவனித்து, அந்த அலை ஓய்ந்த பின் நாற்று விடும்படி ஊராகச் சேர்ந்து காலத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். நாற்றங்காலில் முட்டைக் குவியல்களைத் தேடிப் பொறுக்கினார்கள். பொறுக்கியதை எரித்துவிடாமல், முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் பறந்து போகவும் புழுக்கள் மாட்டிக்கொள்ளவும் வழி செய்து வைத்தார்கள். பள்ளியின் பாடத்திட்டத்தில் இதற்கென்று தனிப் பாடம் இருக்கவில்லை. கவனிப்பது, சோதிப்பது, கூடி முடிவெடுப்பது என்ற மூன்றும் கையில் இருந்ததால் புதிய பிரச்சினைக்கு அவர்களே விடை கட்டினார்கள். பின்னாளில் அதே மாவட்ட உழவர்கள் தங்கள் நிலத்துக்கேற்ற நெல் ரகங்களைத் தாங்களே கலப்பினம் செய்து தேர்ந்தெடுக்கும் வேலையிலும் இறங்கினார்கள். 1999இல் இத்தகைய உழவர்கள் சேர்ந்து நாடு தழுவிய சங்கம் ஒன்றையும் அமைத்தார்கள்.

கூட்டுப் புத்தாக்கம் என்று பெரிய மேடைகளில் பேசப்படுவதன் அசல் உருவத்தை நான் இங்கே காண்கிறேன்.

எண்ணிக்கை ஏறியபோது

1990களின் முடிவுக்குள் பத்து லட்சம் உழவர்களுக்கு மேல் இந்தப் பள்ளிகளைக் கடந்தார்கள். நெல்லில் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 1980களின் நடுவில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது; விளைச்சல் சரியவில்லை. இந்தப் பெருமை முழுவதையும் பள்ளிக்குக் கொடுத்துவிட முடியாது. மானியம் நின்றதும், தடை வந்ததும் சேர்ந்தே வேலை செய்தன. மானியம் தொடர்ந்திருந்தால் எந்தப் படமும் தெளிப்பானை வென்றிருக்காது. பள்ளி இல்லாமல் மானியத்தை மட்டும் நிறுத்தியிருந்தால் அடுத்த தாக்குதலில் உழவர்களின் அச்சமே அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும்.

1993 முதல் உலக வங்கிக் கடனோடு திட்டம் பெரிதானது. நிர்வாகமும் வேளாண் அமைச்சகத்தின் கீழ் வந்தது. இலக்கு இத்தனை பள்ளி, இத்தனை உழவர் என்று எண்ணாகியது. ஓராண்டுப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மட்டும் அந்த எண்ணை எட்ட முடியாது. உழவர்களே பயிற்றுநர்களாகி நடத்திய பள்ளிகள் பல இடங்களில் உயிரோடு இருந்தன. அது ஒரு பெரிய சாதனை. ஆனால் வேறு பல இடங்களில் காகிதமும் கோலும் இருந்தன, வாக்குவாதம் இல்லை. படம் வரையப்பட்டது, முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

2004இல் கெர்ஷன் ஃபெடர் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, 1991இலும் 1999இலும் அதே குடும்பங்களிடம் எடுத்த கணக்கை ஒப்பிட்டு, பள்ளிக்குச் சென்றவர்களின் விளைச்சலிலோ மருந்துப் பயன்பாட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்றது. திட்டத்தை ஆதரித்தவர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். வேறு ஆய்வுகள் வேறு முடிவைக் காட்டின. என் பார்வையில் இருவரும் வெவ்வேறு பொருளை அளந்தார்கள். ‘பள்ளி நடந்தது’ என்ற பதிவேட்டு வரியின் கீழ், மேலே சொன்ன காலைப்பொழுதும் இருந்தது, வெறும் வருகைப் பதிவும் இருந்தது. சராசரி எடுத்தால் இரண்டும் கரைந்துவிடும்.

அந்த ஆய்வு எழுப்பிய ஒரு கேள்வியை மட்டும் ஒதுக்க முடியாது: பள்ளிக்குப் போனவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு இது பரவுகிறதா? வியட்நாமின் மேகாங் படுகையில் கே.எல். ஹியோங், மோனினா எஸ்கலாடா போன்ற ஆய்வாளர்கள் 1994 முதல் வேறு வழியில் போனார்கள். ‘விதைத்த முதல் 40 நாளுக்கு இலைப்புழுவுக்கு மருந்து அடிக்காதே’ என்ற ஒரே செய்தி. அதை வானொலியில் குறு நாடகங்களாக ஒலிபரப்பி, ‘நம்பாவிட்டால் வயலின் ஒரு மூலையில் சோதித்துப் பார்’ என்றார்கள். அங்கே உழவர்கள் மருந்து தெளிக்கும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒற்றை விதியாகச் சுருக்கக்கூடிய செய்தியை வானொலி பள்ளியை விட வேகமாகவும் மலிவாகவும் கொண்டு சேர்க்கும் என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் இந்திரமாயுவில் அந்துப்பூச்சியின் நாளைப் பார்த்து ஊரே நாற்றுவிடும் காலத்தைத் தள்ளிய முடிவு அப்படி எந்த விதிக்குள்ளும் அடங்காது. ஊர் நிகழ்வு ஒன்றைத் திட்டமிடுகிறவர், தன் கையில் இருப்பது விதியாகச் சொல்லக்கூடியதா, சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியதா என்று முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது. விதியாகச் சொல்லக்கூடியதற்குப் பன்னிரண்டு வாரம் மக்களைக் கூட்டுவது அவர்களின் காலை வேலையைத் திருடுவது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகையான் மறுபடியும் ஜாவாவைத் தாக்கியது. அதற்குள் சந்தையில் மருந்துப் பெயர்கள் பல மடங்கு பெருகியிருந்தன. பள்ளிகளுக்கான அரசு ஆதரவு மெலிந்திருந்தது. ஆண்டுக்கு மூன்று போகம் இடைவெளியின்றி நடப்பட்டது. பழைய சுழல் புதிய பெயர்களோடு திரும்பி ஓடத் தொடங்கியிருந்தது. பள்ளிகளில் படித்த உழவர்கள் பலருக்கு என்ன நடக்கிறது என்பது புரிந்தது. ஆனால் சுற்றிலும் உள்ள வயல்களில் அடிக்கப்படும் மருந்தையும், கடைக்காரர் தரும் கடனையும், நடவு அட்டவணையையும் தனி ஒருவர் மாற்ற முடியாது.

மழைமானியோடு ஒரு தொடர்ச்சி

இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளர் யுனிதா வினார்த்தோ, மேற்கு ஜாவாவில் வயல்வெளிப் பள்ளி முடித்த உழவர்களிடையே நெடுங்காலம் இருந்து ஆய்வு செய்தவர். வேளாண் வானிலை அறிஞர் கீஸ் ஸ்டிக்டருடன் சேர்ந்து, யோக்யகர்த்தாவின் குனுங்கிடுலிலும் பிறகு இந்திரமாயுவிலும் அவர் தொடங்கியது ‘அறிவியல் களக்கடை’ என்று சொல்லத்தக்க ஒரு சந்திப்பு. இதில் பள்ளியின் மூலக் கருத்துகள் அப்படியே இருக்கின்றன. எண்ணிக்கை இலக்கும் முடிவுத் தேதியும் மட்டும் இல்லை.

உழவர் ஒவ்வொருவரும் தம் வயலில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் அளவெடுத்து எழுத வேண்டும். அதோடு அன்று வயலில் கண்டதையும் எழுத வேண்டும்: பயிரின் நிலை, தண்ணீர், பூச்சி, நோய். மாதம் ஒரு முறை கூடி, ஒருவர் வயலில் பெய்த மழையையும் இன்னொருவர் வயலில் பெய்ததையும் ஒப்பிடுகிறார்கள். சில கிலோமீட்டர் இடைவெளியில் மழை எவ்வளவு மாறுகிறது என்பது அவர்களின் சொந்த ஏடுகளில் தெரிகிறது. அறிஞர்கள் வரும் மாதங்களுக்கான பருவநிலைக் கணிப்பைக் கொண்டு வருகிறார்கள். உழவர்கள் தங்கள் எண்களை அதன் பக்கத்தில் வைத்து எந்த ரகம், எப்போது நாற்று, மூன்றாம் போகம் வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறார்கள். மழை அளக்கும் உழவர்களுக்கென இந்திரமாயுவில் ஒரு மன்றமும் உருவானது. புகையான் ஏன் வந்தது என்று அங்கே கேட்கும்போது, அந்த மாதத்து மழையும், விட்ட தண்ணீரும், அடித்த மருந்தும், நட்ட நாளும் அவர்கள் கையெழுத்திலேயே ஒரே ஏட்டில் இருக்கின்றன. அடுத்த போகத்துக்கான முடிவை அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.